வெள்ளை எல்.இ.டி. பல்பு இனி நம் கடையில் ஏன் மாட்டுவதில்லை

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

இரண்டு வாரமாக "ஹெட்லைட்டுக்கு அந்த வெள்ளை எல்.இ.டி. மாட்டிக் கொடுங்க" என்று வந்தவர்களை எல்லாம் மாட்டாமலே திருப்பி அனுப்பிவிட்டோம். சிலருக்குக் கோபம். நியாயம்தான், போன மாதம் வரை நாங்களே மாட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தோம். அதனால்தான் இந்த மடல்.

போன மாதம் தொண்டியில் ஒரு வேலை முடித்துவிட்டு ராத்திரி பத்தரைக்கு மேல் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வந்துகொண்டிருந்தேன். திருப்பாலைக்குடி தாண்டியதும் எதிரே ஒரு வேன், கண்ணைத் திறக்க முடியாத வெளிச்சம். டிம் பண்ணச் சொல்லி நான் லைட்டை அடித்துக் காட்டினேன், அவர் ஒருமுறை பிரைட் போட்டுக் காட்டியபோதுதான் தெரிந்தது, அவர் டிம்மில்தான் வந்திருக்கிறார், அந்த டிம்மே அப்படி. வேன் கடந்த பிறகும் முன்னால் வெறும் கருப்பு. கண் தெளியும்போது மீன் பெட்டி கட்டிய டி.வி.எஸ். ஒன்று, பின் விளக்கு இல்லாமல், என் பம்பருக்குப் பக்கத்தில். ஸ்டியரிங்கை ஒடித்து சீமைக்கருவேலத்துக்குள் போய் நின்றேன். அந்த டி.வி.எஸ்.காரர்தான் வண்டியை நிறுத்திவிட்டு ஓடி வந்து, "அண்ணே, ஒண்ணும் ஆகலையே?" என்று கேட்டுத் தண்ணீர் கொடுத்தார்.

60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடிக்கு 16 மீட்டருக்கு மேல் ஓடுகிறது. மூன்று நொடி கண் தெரியவில்லை என்றால் 50 மீட்டர். அந்த வேனின் பல்பு நம் கடையில் மாட்டியதாகவே இருக்கலாம் என்ற நினைப்பு எனக்கு இன்னும் போகவில்லை.

பல்பில் என்ன கோளாறு என்றால், பழைய ஹாலஜன் ஹெட்லைட்டின் உள்ளே இருக்கும் பளபளப்பான கிண்ணம், பல்புக்குள் இழை எந்த இடத்தில் எரியுமோ அந்த இடத்துக்கு அளந்து செய்தது. டிம் இழைக்குக் கீழே ஒரு சின்னத் தகடு இருக்கும், வெளிச்சம் மேலே போகாமல் தடுப்பது அதுதான். அந்தக் கிண்ணத்தில் கண்ட எல்.இ.டி.யையும் செருகினால் வெளிச்சம் பிறக்கும் இடமே மாறிப்போய் நாலா பக்கமும் சிதறும். ஓட்டுபவருக்குப் பக்கத்தில் பளிச்சென்று இருக்கும், எதிரே வருபவருக்குக் கண் போய்விடும். கம்பெனியிலேயே எல்.இ.டி.யோடு வந்த வண்டி வேறு, அதற்கு உள்ளமைப்பே வேறு.

சரி, வெளிச்சம் பத்தவில்லையே என்கிறீர்கள். உண்மைதான், ஆனால் நம் ஊரில் அதற்குக் காரணம் பெரும்பாலும் பல்பு இல்லை, உப்புக் காற்று. மண்டபத்திலிருந்து வந்த ஒரு மினி லாரியின் ஹோல்டரை, அதாவது ஹெட்லைட் பல்பு செருகும் இடத்தை, கழற்றினேன். அதன் உலோகப் பின்களில் எல்லாம் பச்சை பூத்து, தொட்டால் மாவாக உதிர்கிறது, வண்டி பாடியோடு சேரும் எர்த் வயர் போல்ட்டோடு துருவாகிவிட்டது. மீட்டர் வைத்துப் பார்த்தால் 12 வோல்ட் வர வேண்டிய இடத்தில் பத்தரைதான். இந்த ஒன்றரை வோல்ட்டுக்கே வெளிச்சம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் விழுந்துவிடும். ஹோல்டரை மாற்றி, எர்த்தைச் சுரண்டிக் கட்டி, பேட்டரியிலிருந்து நேராக மின்சாரம் வர ஒரு ரிலே வைத்து, அதே 60/55 வாட் (பிரைட்டுக்கு 60, டிம்முக்கு 55) பல்பைத்தான் திரும்பப் போட்டோம். லாரிக்காரர் புதுப் பல்பா என்று கேட்டார்.

வண்டியின் முன் கண்ணாடியும் அப்படித்தான். பாம்பன் பாலத்தில் ஒரு தடவை போய் வந்தாலே உப்புப் படலம் ஒட்டிக்கொள்ளும், பகலில் தெரியாது, ராத்திரி எதிர் வெளிச்சம் பட்டதும் கண்ணாடி முழுக்க வெள்ளையாகப் பரவும். காய்ந்த துணியால் தேய்க்காதீர்கள், கீறல் விழும். நல்ல தண்ணீர் விட்டுக் கழுவுங்கள், உள்பக்கமும் துடையுங்கள்.

எதிரே யாராவது கண்ணில் அடித்தால் பதிலுக்கு அடிக்க வேண்டாம். வேகத்தைக் குறைத்து, இடது ஓரத்து வெள்ளைக் கோட்டைப் பார்த்தே போங்கள். கருவேலம் ரோட்டு விளிம்பு வரை வந்து நிற்கும் இடங்களில் மாடு எந்த நேரமும் வெளியே வரும். மீன் லாரி ஒழுகிய தண்ணீர் வளைவில் கிடந்தால் பைக்காரர்களுக்கு வழுக்கும், முன் பிரேக்கைச் சட்டென்று பிடிக்காதீர்கள். அப்புறம், விடியக்காலை இரண்டு மணியிலிருந்து ஐந்து மணி வரைதான் தூக்கம் அழுத்தும். அமாவாசைக்கு ராமேஸ்வரம் வரும் உறவினர் ராத்திரியோடு ராத்திரியாக வந்துவிடுகிறோம் என்றால், மதுரையில் படுத்து எழுந்து வரச் சொல்லுங்கள்.

முன்பு நம்மிடம் வெள்ளை பல்பு மாட்டியவர்கள் கொண்டு வாருங்கள், கழற்றிவிட்டு ஹாலஜன் போட்டுத் தருகிறோம், கூலி வேண்டாம். ஹோல்டர், எர்த் பார்ப்பதற்கும் காசு இல்லை, சாமான் மாற்றினால் சாமான் விலை மட்டும். டி.வி.எஸ்., டிராக்டர் டிரெய்லர் வைத்திருப்பவர்களுக்குப் பின்னால் ஒட்ட சிவப்பு ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் சும்மாவே தருகிறோம்.

இருட்டிய பிறகு ஏழு மணிக்கு மேல் வாருங்கள். கடைக்குப் பின்சுவரில் கோடு போட்டு வைத்திருக்கிறோம், வண்டி 10 மீட்டர் தள்ளி நின்றால் டிம் வெளிச்சத்தின் மேல் விளிம்பு ஹெட்லைட் உயரத்தைவிட 10 சென்டிமீட்டராவது இறங்கி விழ வேண்டும். வழக்கமாக ஏற்றும் பாரத்தோடே வாருங்கள், ஐஸ் பெட்டியோ நெல் மூட்டையோ, ஏனென்றால் பின்னால் பாரம் இறங்கினால் முன் விளக்கு தூக்கிக்கொள்ளும், வெறும் வண்டியில் வைத்த அளவு அப்போது நிற்காது.