வெடித்த மாமரப் பலகையைத் தூக்கிப் போடாதீர்கள்

உறுப்பினர்களுக்கு வணக்கம். காவேரிப்பட்டணம், போச்சம்பள்ளி பக்கம் பழைய மாமரங்களை அறுக்கும்போது வெடித்த பலகையெல்லாம் விறகுக்குப் போகிறது. மனசு கேட்கவில்லை, அதனால் இது.

மரச்சாமான் செய்வதில் பேர்பெற்ற ஜார்ஜ் நாகஷிமா (1905–1990) வெடிப்பை மறைக்கவில்லை, அதையே அழகாக்கினார். அமெரிக்காவில் பிறந்த ஜப்பானிய வம்சாவளிக்காரர், 1930-களில் புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதிக் கட்டட வேலையில் இருந்தவர். இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானிய வம்சாவளியினரை அமெரிக்கா அடைத்து வைத்த முகாமில் ஒரு ஜப்பானியத் தச்சரிடம் கைவேலை கற்றார். பட்டறையை இன்று மகள் மீரா நடத்துகிறார்.

அவருடைய வண்ணத்துப்பூச்சி ஆப்பு, அதாவது இரு பக்கமும் அகன்று நடுவில் இடுப்பு ஒடுங்கிய, வெடிப்புக்குக் குறுக்கே பதித்து அது விரியாமல் பிடிக்கும் மரத்துண்டு, நம் உளிக்கும் வரும். வேங்கையோ கருவேலமோ எடுங்கள். மாமரத்தை விடக் கெட்டியாக இருக்கணும். ரேகை ஆப்பின் நீளவாக்கில், வெடிப்புக்குக் குறுக்கே ஓடணும். மாற்றி வைத்தால் இடுப்பில் படக்கென்று முறியும். பெரும்பாலும் தவறுவது இங்கேதான். 2 அங்குலப் பலகைக்கு ஆப்புக் குழி முக்கால் அங்குல ஆழம். முதலில் ஆப்பை வெட்டி, பலகைமேல் வைத்துக் கத்தியால் கோடு கீறுங்கள். பென்சில் கோடு தடிப்பு, பொருத்தம் தளர்ந்துவிடும். அந்தக் கோட்டுக்குள் உளியால் குழி எடுங்கள். ஆப்பைப் பசை தடவி இறக்கும்போது 1 மில்லிமீட்டர் மேலே நிற்கட்டும், காய்ந்ததும் இழைத்துவிடலாம்.

ஈரப்பலகையில் ஆப்பு வைத்துப் பயனில்லை. பலகையின் கனத்தில் அங்குலத்துக்கு ஓராண்டு நிழலில் காயணும். அறுத்த அன்றே இரு முனைக்கும் பெயிண்ட் அடியுங்கள். தண்ணீர் அங்கேதான் வேகமாக வெளியேறும், வெடிப்பும் அங்கேதான் தொடங்கும்.