கணிப்போடு கணக்கையும் காட்டுங்கள்

தமிழ்ச் செய்தித் தொலைக்காட்சிகளின் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். ஒரு தேர்தலுக்கு முன்பு, பகல் பதினொரு மணி வாக்கில், கருத்துக்கணிப்பு எடுக்க எங்கள் தெருவுக்கு ஒரு பெண் வந்தார். வேலைக்குப் போகிறவர்கள் யாரும் வீட்டில் இல்லாத நேரம். திண்ணையில் இருந்த என் பெரியம்மாவிடம் கேட்டார். வட்டச் செயலாளர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். பெரியம்மா அவருடைய கட்சியைத்தான் சொன்னார். இருவரும் போன பிறகு என்னிடம், "அவரு முன்னாடி வேற என்னத்தச் சொல்றது?" என்றார்.

அந்தப் பதிலும் ஏதோ ஒரு விழுக்காட்டில் சேர்ந்துதான் உங்கள் திரைக்கு வந்திருக்கும்.

2016 சட்டமன்றத் தேர்தலில் வாக்களித்துவிட்டு வருபவர்களிடம் கேட்டு எடுக்கும் எக்ஸிட் போல்களில் பெரும்பாலானவை திமுக ஆட்சிக்கு வரும் என்றன. அதிமுக 134 இடங்களில் வென்றது. இரண்டு தரப்புக்கும் வாக்கு வித்தியாசம் சுமார் 1 விழுக்காடுதான். அவ்வளவு நெருக்கமான போட்டியில் யார் ஜெயிப்பார் என்று எந்தக் கணிப்பாலும் அடித்துச் சொல்ல முடியாது. அதை நேயர்களுக்குச் சொல்லியிருக்கலாம். 2024 மக்களவைத் தேர்தலில் தேசிய ஜனநாயகக் கூட்டணி 350 இடங்களைத் தாண்டும் என்று பல நிறுவனங்கள் கணித்தன. கிடைத்தது 293. நான்கே மாதத்தில் ஹரியானா சட்டமன்றத் தேர்தலிலும் கணிப்புகள் தவறின.

கணிப்பு தவறுவது குற்றமில்லை. அதன் கணக்கைக் காட்டாததுதான் தவறு. பத்தாயிரம் பேரைக் கேட்டதாகச் சொல்கிறீர்கள், சரி. 234 தொகுதிக்குப் பிரித்தால் தொகுதிக்கு 43 பேர்கூட முழுசாக வராது. முறையாகத் தேர்ந்தெடுத்திருந்தால் மாநிலத்தின் மொத்த வாக்கு விழுக்காட்டைச் சொல்ல அந்தப் பத்தாயிரம் தாராளமாகப் போதும். ஆனால் 43 பேரை வைத்து ஒரு தொகுதியைச் சொன்னால், 15 விழுக்காடு வரை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ போகும். நீங்களோ தொகுதி தொகுதியாக வண்ணம் அடித்துக் காட்டுகிறீர்கள்.

இன்னொன்று என்னை அதிகமாக உறுத்துகிறது. தேர்தல் நேரத்தில் உங்கள் லோகோவோடு, கருத்துக்கணிப்பு முடிவு என்று போலிப் படக் கார்டுகள் வாட்ஸ்அப்பில் சுற்றுகின்றன. எங்கள் குடும்பக் குழுவிலேயே வருகின்றன. "இது பொய்" என்று நான் சொன்னால், "எப்படிச் சொல்றே?" என்று கேட்கிறார்கள். என்னால் பதில் சொல்ல முடிவதில்லை. போலிக் கார்டில் இருப்பது கட்சிப் பெயரும் ஒரு எண்ணும். உங்கள் உண்மையான கார்டிலும் அவ்வளவுதான் இருக்கிறது.

யார் நடத்தியது, யார் பணம் கொடுத்தது, எத்தனை பேரை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள், பிழை எவ்வளவு இருக்கலாம் என்பதையெல்லாம் சேர்த்தே வெளியிட வேண்டும் என்று பத்திரிகைகளுக்கு இந்தியப் பத்திரிகைக் கவுன்சில் வழிகாட்டியிருக்கிறது. நீங்களும் அதைச் செய்யுங்கள். எந்தத் தேதிகளில் கேட்டார்கள் என்பதைப் போடுங்கள். இடங்களைச் சொல்வதற்கு முன்பு வாக்கு விழுக்காட்டைச் சொல்லுங்கள். பதில் சொன்னவரைத் தனியாக வைத்துக் கேட்டார்களா, பக்கத்தில் யாராவது நின்றார்களா என்று அந்த நிறுவனத்திடம் விசாரித்து, அவர்கள் சொல்லும் பதிலையும் திரையில் போடுங்கள்.

அன்புடன்,
உங்கள் நேயர்