கோய் குஞ்சில் முதலில் பார்க்க வேண்டியது உடம்பை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் வந்த, கோய் என்ற வண்ணக் கெண்டை மீன் வளர்ப்பு பற்றிய கட்டுரையை ஆசையோடு படித்தேன். படங்கள் அருமை. ஆனால், குஞ்சு பொறுக்கும்போது சிவப்பு அதிகமாகவும் அழுத்தமாகவும் இருப்பதையே எடுக்க வேண்டும் என்ற யோசனையைப் படித்ததும் மனசு கேட்கவில்லை. பல வருடங்களாகக் கோய் மீன்களை முட்டையிட வைத்துக் குஞ்சுகளைத் தரம் பிரித்து வருகிறவள் நான். அந்த யோசனையை நம்பினால் நல்ல மீன் கழிவில் போய்விடும், அடுத்த வருடமே வெளிறப்போகும் மீன் தொட்டியில் தங்கிவிடும்.

கோஹாகு வகையையே எடுத்துக்கொள்ளலாம். வெள்ளை உடம்பில் சிவப்புத் திட்டு, அவ்வளவுதான். விரல் நீளக் குஞ்சிலேயே சிவப்பு ரத்தம்போல் அடர்ந்து, ஓரமெல்லாம் கத்தரித்தாற்போல் இருந்தால் பார்க்கப் பிரமாதமாக இருக்கும். ஆனால் அந்த மீன் தன் அழகின் உச்சத்தை அப்போதே தொட்டுவிட்டது. உடம்பு நீள நீளத் தோலும் விரியும். அந்த விரிவுக்கு நிறம் ஈடுகொடுக்க முடியாமல் திட்டு உடையும், நடுவில் வெள்ளை எட்டிப் பார்க்கும். எதிர்காலம் உள்ள குஞ்சின் சிவப்பு ஆரஞ்சுச் சாயலில் மெல்லியதாகத்தான் இருக்கும், ஆனால் திட்டு முழுவதும் ஒரே சீராக இருக்கும். திட்டின் தலைப்பக்க ஓரம் கொஞ்சம் மங்கலாகத் தெரிகிறதே என்று ஒதுக்கிவிடக் கூடாது. அங்கே முன்னால் இருக்கும் வெள்ளைச் செதில் சிவப்புச் செதிலின் மேல் படிந்திருக்கிறது, சிவப்பு அதன் அடியிலிருந்து தெரிகிறது. வால்பக்க ஓரத்தில் சிவப்புச் செதில் மேலே இருப்பதால் கோடு தெளிவாக இருக்க வேண்டும். வெள்ளை, சிவப்போடு கறுப்பும் சேர்ந்த சாங்கே, ஷோவா வகைகளில் அந்தக் கறுப்பும் இப்படித்தான். தோலுக்கு அடியில் நீலச் சாம்பலாக மறைந்திருக்கும் கறுப்பு மெல்ல மேலே வரும். அதற்குப் பொறுமை வேண்டும்.

நிறம் கூட்டும் தீவனத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதை அளவுக்கு மீறிப் போட்டால் வெள்ளைத் தோலிலும் இளஞ்சிவப்பு ஏறிவிடும். வெள்ளை கெட்டுப்போன கோஹாகுவில் சிவப்பு எவ்வளவு நன்றாக இருந்து என்ன பயன்?

பொறுக்குவதில் நிறத்துக்கு முன்னால் உடம்பு வருகிறது. பெண் மீன் தன் எடையில் கிலோவுக்குச் சுமார் 1 லட்சம் முட்டை வரை இடும். தாய் தகப்பன் இரண்டும் உயர்ந்த ரகமாகவே இருந்தாலும் குஞ்சுகளில் பெரும்பகுதி முழு வெள்ளை, முழுச் சிவப்பு அல்லது அலங்கோலமான கலவையாகத்தான் பிறக்கும். முட்டையிட்டு முடிந்ததும் பெரிய மீன்களை எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் தங்கள் முட்டையைத் தாங்களே தின்றுவிடும். தண்ணீர் 20 முதல் 22 டிகிரி வரை இருந்தால் ஏறக்குறைய 4 நாளில் பொரிக்கும். ஷோவா குஞ்சுகளை அடுத்த சில நாட்களிலேயே பிரிப்பார்கள். கறுப்பாக இருப்பவை மட்டும் நிற்கும், வெளிறியவை கழிந்துவிடும். மற்ற வகைகளில் நிறம் தெரிகிற வரைக்கும் சில வாரம் காத்திருக்க வேண்டும். அதற்குள் சில குஞ்சுகள் மட்டும் கிடுகிடுவென்று வளர்ந்து கூடப்பிறந்தவற்றையே விழுங்க ஆரம்பிக்கும். அவற்றைத் தினமும் தேடிப் பிடித்து எடுக்க வேண்டியிருக்கும்.

முதல் கழிப்பின்போது நான் வண்ணத்தைப் பார்ப்பதே இல்லை. வெள்ளைப் பேசினில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு மேலிருந்து பார்ப்பேன். முதுகெலும்பு வளைந்திருக்கிறதா, வாய் கோணலா, செவுள் மூடி குட்டையா, இரண்டு பக்கத் துடுப்பும் சமமா என்று பார்த்தாலே கூட்டம் பெருமளவு குறைந்துவிடும். இரண்டாவது தடவைதான் திட்டுகளின் அமைப்பு. கண் களைத்துவிட்டால் நிறுத்திவிட வேண்டும். களைத்த கண்ணுக்குக் கடைசிப் பேசினில் இருப்பதெல்லாம் நல்ல மீனாகத் தெரியும்! மூன்றாவது தடவை பார்ப்பது தோலின் பளபளப்பு, தோள் அகலம், வால் அடிப்பகுதியின் பருமன் ஆகியவற்றை. வால் அடி மெலிந்த மீன் பெரிதாக வளர்ந்தாலும் கம்பீரம் வராது. அதனால் திட்டு சுமாராக இருந்தாலும் தோலும் எலும்பும் திடமான குஞ்சைத்தான் நான் வைத்துக்கொள்வேன்.

இதை என் சொந்த ரசனை என்று நினைக்க வேண்டாம். கோய் பிறந்த இடம் ஜப்பானின் நீகாதா மலைக் கிராமங்கள். சாப்பாட்டுக்காகக் கெண்டை வளர்த்துவந்த நெல் விவசாயிகள் 19-ஆம் நூற்றாண்டில் அதில் நிறம் மாறிப் பிறந்தவற்றைப் பிரித்து வளர்த்தார்கள். 1914-இல் தோக்கியோ கண்காட்சியில் வைத்த பிறகுதான் வெளியுலகம் அவற்றைக் கவனித்தது. இன்றும் அங்கே வளர்ப்பவர்கள், இன்னும் மேலே வரும் என்று நம்புகிற குஞ்சுகளைத் தத்தேகோய் என்று சொல்லி விற்காமல் வைத்துக்கொள்கிறார்கள். சின்ன வயதிலேயே பளிச்சென்று மின்னுவதில் பெரும்பாலானவை விற்பனைக்குப் போய்விடுகின்றன. தொழில் தெரிந்தவர்கள் தங்களுக்கென்று எதை நிறுத்துகிறார்கள் என்பதைப் பார்த்தாலே போதும்.

கட்டுரை தொடவே தொடாத விஷயம் ஒன்று உண்டு. கழித்த குஞ்சுகளை என்ன செய்வது? இதற்குப் பதில் இல்லாதவர்கள் மீன்களை முட்டையிடவே விடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஏரியிலோ ஆற்றிலோ கொண்டுபோய் விடுவது புண்ணியம் ஆகாது. கெண்டை அடிமண்ணைக் கிளறித் தண்ணீரைக் கலக்கும், நீர்ச்செடிகளை அழிக்கும். ஆஸ்திரேலியாவின் மர்ரே டார்லிங் ஆறுகளில் அது இன்றைக்குப் பெரும் தொல்லை. நோயும் கூடவே போகும். 2003-இல் ஜப்பானின் காசுமிகௌரா ஏரியில் கோய் ஹெர்பெஸ் வைரஸ் வந்து வளர்ப்புக் கெண்டைகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. பிழைத்து, ஆரோக்கியமாகத் தெரிகிற மீனும் அந்த வைரஸைச் சுமந்திருக்கலாம். உடம்பு சரியாக இருந்து நிறம் மட்டும் இல்லாத குஞ்சுகளை மூடிய குளம் வைத்திருப்பவர்களுக்குக் கொடுக்கலாம். ஊனமானவற்றைக் கிராம்பு எண்ணெய் போதிய அளவு கலந்த தண்ணீரில் மயங்கவைத்து, துடிக்கவிடாமல் முடிக்க வேண்டும். இதை எழுதும்போதே கை கனக்கிறது. ஆனாலும் சொல்லாமல் விட முடியாது.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். கட்டுரையில் வந்த படங்கள் எல்லாம் பக்கவாட்டில் எடுத்தவை. கோயை மதிப்பிடுவது மேலிருந்து பார்த்துத்தான். அடுத்த முறை ஒரே மீனை முதல் வயதிலும் இரண்டாம் வயதிலும் நான்காம் வயதிலும் மேலிருந்து எடுத்த படங்களாக, பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெளியிடுங்கள். அத்துடன், சிவப்பைப் பார்த்துப் பொறுக்கச் சொன்ன அந்த யோசனைக்கு ஒரு திருத்தமும் போட்டால் மிகவும் நன்றியுடையவளாக இருப்பேன்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி