எல்லாப் பூஞ்சைக்கும் ஆர்.என்.ஏ. தெளிப்பு பலிக்காது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பயிர் நோய்களுக்கு ஈரிழை ஆர்.என்.ஏ. (மரபணுச் செய்தியைச் சுமக்கும் ஆர்.என்.ஏ. மூலக்கூறின் இரட்டை இழை வடிவம்) தெளிக்கும் முறை பற்றிய செய்திகளில், எந்தப் பூஞ்சையானாலும் அதன் மரபணுவை முடக்கிவிடலாம் என்ற தொனி தெரிகிறது. இந்த முறை நிலைக்க வேண்டும் என விரும்புகிறோம். அதனாலேயே இதை எழுதுகிறோம்.

செடிக்குள் வைரஸ் பெருகும்போது ஈரிழை ஆர்.என்.ஏ. உருவாகிறது. டைசர் வகைப் புரதங்கள் அதை 21, 22 நியூக்ளியோடைடு (ஆர்.என்.ஏ. இழையின் அடிப்படை அலகு) நீளத் துண்டுகளாக நறுக்குகின்றன. ஆர்கோனாட் புரதம் துண்டின் ஓர் இழையை வைத்துக்கொண்டு, அதற்குப் பொருந்தும் வைரஸ் ஆர்.என்.ஏ.வை வெட்டுகிறது. தெளிப்பு முறையும் இந்த வழியையே நம்பியிருக்கிறது: நோய்க்கிருமியின் மரபணுவுக்குப் பொருந்தும் ஈரிழை ஆர்.என்.ஏ.வைத் தெளிக்கிறார்கள். வைரஸும் சும்மா இருப்பதில்லை. டோம்பஸ்வைரஸ் என்ற தாவர வைரஸின் பி19 புரதம் அந்தத் துண்டை இரு முனையிலும் அளவெடுத்ததுபோல் பிடித்துக்கொள்ளும். பிடிபட்டது ஆர்கோனாட்டிடம் போய்ச் சேராது.

பூஞ்சை விஷயம் வேறு. சாம்பல் பூஞ்சண நோயை உண்டாக்கும் பாட்ரைடிஸ் என்ற பூஞ்சை தன் சிறு ஆர்.என்.ஏ.க்களை (மேலே சொன்னது போன்ற குட்டித் துண்டுகளை) செடிக்குள் அனுப்பி, செடியின் ஆர்கோனாட்டைக் கொண்டே அதன் தற்காப்பு மரபணுக்களை அடக்குகிறது என்பது 2013இல் தெரியவந்தது. செடியும் நுண்ணிய பைகளில் வைத்துத் தன் சிறு ஆர்.என்.ஏ.க்களைப் பூஞ்சைக்கு அனுப்புவதை 2018இல் காட்டினார்கள். தெளிப்பு முறை பலிப்பதற்கும் ஆர்.என்.ஏ. பூஞ்சைக்குள் நுழைந்தாக வேண்டும். பாட்ரைடிஸ் அதை நன்றாக உள்வாங்குகிறது. கோதுமை இலைகளைத் தாக்கும் சைமோசெப்டோரியா உள்வாங்குவதில்லை. மக்காச்சோளக் கரிப்பூட்டைப் பூஞ்சையிடம் டைசரும் இல்லை, ஆர்கோனாட்டும் இல்லை. அதற்கு எவ்வளவு தெளித்தும் பயனில்லை.

ஆகவே முதல் சோதனை இதுதான்: ஒளிரும் சாயம் இணைத்த ஈரிழை ஆர்.என்.ஏ.வைப் பூஞ்சையின் வித்துகளோடு சில மணி நேரம் வைத்து, ஆர்.என்.ஏ.வைச் சிதைக்கும் நியூக்ளியேஸ் நொதியால் கழுவி, பிறகு நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். நொதிக் கழுவலை விட்டுவிட்டால் செல்சுவரின் வெளியே ஒட்டியதும் ஒளிரும்; உள்ளே போய்விட்டதாகத் தோன்றும்.

இன்னொரு தவறு இதைவிடப் பரவலானது. வெறும் நீர் தெளித்த செடியோடு மட்டும் ஒப்பிடுகிறார்கள். எந்த ஈரிழை ஆர்.என்.ஏ.வும் செடியின் பொதுவான எதிர்ப்பைத் தூண்டக்கூடியது. பூஞ்சையோடு தொடர்பில்லாத மரபணுவின் ஆர்.என்.ஏ.வை, உதாரணமாக ஜெல்லி மீனின் ஒளிர் புரத மரபணுவுக்குரியதை, அதே நீளத்தில், அதே அளவில் தெளித்த செடிகளும் பக்கத்தில் இருந்தால்தான் குறிவைத்த மரபணு முடங்கியதால் நோய் குறைந்ததா என்று சொல்ல முடியும். குறிவைத்த மரபணுவின் தூது ஆர்.என்.ஏ. (புரதம் உருவாக உதவும் அதன் நகல்) பூஞ்சையில் குறைந்ததையும் அளந்து காட்ட வேண்டும்.

இலைமேல் வெறுமனே கிடக்கும் ஆர்.என்.ஏ. சில நாட்களில் சிதைந்துவிடும். களிமண் நுண்தாள்களில் ஏற்றித் தெளித்தபோது வைரஸிடமிருந்து 20 நாள் வரை பாதுகாப்பு கிடைத்ததாக 2017இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆனால் அது வைரஸுக்கான முடிவு. அதைப் பூஞ்சைக்கும் நீட்டிச் சொல்வது சரியல்ல.

இனி இத்தகைய செய்திகளை வெளியிடும்போது எந்தப் பூஞ்சை, உள்வாங்குகிறதா, எதனோடு ஒப்பிட்டார்கள் என்ற விவரங்களையும் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தாவர நோயியல் ஆய்வாளர்கள்