ஐந்து ஊர்க் காட்டு வரைபடம்: நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

போன மாதம் ஈரோடு மாவட்டத் தாளவாடி மலையில் ஒரு சோளகர் பழங்குடிப் பாட்டியோடு காட்டுக்குள் நடந்தோம். உன்னிச்செடிப் புதரை விலக்கி ஒரு கல்லைக் காட்டினார். அவருடைய மாமியாரைப் புதைத்த இடம். மரங்கள் அடர்ந்திருந்ததால் ஜிபிஎஸ் கருவிக்கு சிக்னல் எட்டவில்லை. முக்கால் மணி நேரம் காத்திருந்து அந்த ஒரு புள்ளியைக் குறித்தோம். பாட்டிக்கு ஒரே சிரிப்பு: "கல்லு எங்க போயிரும்? அங்கயேதான கெடக்கு."

கல் போகாதுதான். ஆனால் வரைபடத்தில் ஏறாத கல்லை எந்த அலுவலகமும் கண்டுகொள்ளாது. அதனால்தான் ஐந்து ஊர்களின் காட்டை நடந்து நடந்து வரைபடமாக்குகிறோம்.

2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், குடும்பம் உழுகிற நிலத்துக்கு 4 ஹெக்டேர் வரை உரிமை தருவதோடு நிற்கவில்லை. தேனும் நெல்லிக்காயும் எடுக்கிற காட்டை ஊரே சேர்ந்து காக்கவும் நிர்வகிக்கவும் உரிமை தருகிறது. அதற்கு மனுவும் எல்லை காட்டும் வரைபடமும் வேண்டும். பெரியவர்கள் சொல்வதை எழுதி வைத்தால் அதுவும் ஆதாரம்தான். கர்நாடகப் பக்கம் பிலிகிரிரங்கன் மலைச் சோளகர்கள் 2011-லேயே புலிகள் காப்பகத்துக்குள் சமூக உரிமை வாங்கிவிட்டார்கள். இந்தப் பக்கத்துப் பல ஊர்கள் இன்னும் மனு எழுதிக்கொண்டிருக்கின்றன.

பழங்குடி உரிமைக்கான 2007-ஆம் ஆண்டு ஐ.நா. பிரகடனத்துக்கு இந்தியா ஆதரவாக வாக்களித்தது. ஆகஸ்ட் 9, உலகப் பழங்குடிகள் நாள் வந்தால் மேடை, மாலை, நடனம் எல்லாம் உண்டு. அந்தச் செலவில் ஒரு ஜெராக்ஸ் மெஷின் வாங்கலாமே என்று எங்களுக்குத் தோன்றுவதுண்டு.

எங்கள் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். முதல் ஊரில் ஒரு பெரியவர் இரண்டு நாள் எங்களோடு நடந்தார். அவருக்கு இரண்டு நாள் கூலி போனது எங்களுக்கு உறைக்கவே இல்லை. அவர் மகள் கேட்ட பிறகுதான் வெட்கப்பட்டோம். இப்போது வழிகாட்டும் பெரியவர்களுக்கு நாள் கூலி கொடுத்துவிடுகிறோம். செலவில் பெரும்பங்கு அதுதான். அப்புறம் ஜீப் வாடகை, வரைபட அச்சு, நகல்.

இரண்டு ஊர்கள் முடிந்தன. மீதி மூன்றுக்கு 1,80,000 ரூபாய் தேவை. கையில் 62,000 இருக்கிறது. நூறு ரூபாயும் உதவும். பழைய மடிக்கணினி இருந்தாலும் சரி. ரசீது உண்டு, வரிவிலக்கு இல்லை. வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவர்கள் தயவுசெய்து அனுப்ப வேண்டாம். வெளிநாட்டு நன்கொடை பெற எங்களுக்குப் பதிவு இல்லை. கணக்கை ஒவ்வொரு ஊர்க் கூட்டத்திலும் வாசித்துக் காட்டுகிறோம், நீங்களும் வந்து கேட்கலாம்.

ஐப்பசி மழை பிடித்தால் மூன்றாவது ஊருக்குப் போகும் பள்ளத்தைக் கடக்க முடியாது. அதற்குள் நடையை முடிக்க வேண்டும்.

இப்படிக்கு,
வரைபடக் குழுவினர், தாளவாடி