மரத்துக்கு எப்படித் தெரியும்?

திருவொற்றியூர்

அன்புள்ள ஸ்டெல்லா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மா நலம். சரளா பெண்ணுக்குத் தையில் கல்யாணம். நீ வராவிட்டால் அவள் ராயபுரம் பஸ் கதையை எல்லோரிடமும் சொல்லிவிடுவாளாம், எச்சரிக்கச் சொன்னாள். வீட்டு விஷயம் இவ்வளவுதான். போனில் சொன்னால் நீ நடுவில் புகுந்து பேச்சை எங்கேயோ கொண்டுபோய்விடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

எண்ணூரில் ஒரு குப்பத்தில் நடக்கும் மாலை வகுப்புப் பிள்ளைகளுக்கு, முகத்துவாரத்து உப்புச் சேற்றில் வளரும் அலையாத்தி மரங்கள் பற்றிச் சொல்லக் கூப்பிட்டிருந்தார்கள். எல்லாம் மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளைகள். கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் பக்கத்தில், தண்ணீர் வடிந்திருந்த நேரமாகப் பார்த்துக் கூட்டிப்போனோம். அலையாத்தியில் ஒரு வகையான வெண்கண்டல் மரத்தைச் சுற்றிச் சேற்றிலிருந்து மூச்சு வேர்கள் பென்சில் பென்சிலாக நீட்டிக்கொண்டிருந்தன. கைலென்ஸில் இலையின் உப்புப் பொடியைக் காட்டினேன். நக்கிப் பார்க்கலாமா என்று கேட்டான் ஒருவன். அந்தத் தண்ணீரில் வளர்ந்த இலையை எப்படி நக்கவிடுவேன், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

கூட வந்த ஒருவர் கையில் ஓர் அட்டை வைத்திருந்தார். 'சுவாசிப்பதற்காக இந்த மரம் வேர்களை மேலே அனுப்புகிறது' என்று வாசித்தார். ஏழாவது படிக்கிற ஒரு பெண் உடனே கேட்டாள்: "மிஸ், சேத்துக்குள்ள காத்து இல்லன்னு மரத்துக்கு எப்படித் தெரியும்?"

ஸ்டெல்லா, நம் எம்.எஸ்ஸி. வகுப்பில் இந்தக் கேள்வியை ஒருவராவது கேட்டோமா? கத்தரிக்கா சார் இருந்திருந்தால் எழுந்து நின்று கைதட்டியிருப்பார்.

தெரியாது என்றேன். மரத்துக்கு எதுவும் தெரியாது, அது எதற்கும் ஆசைப்படவில்லை. விழுந்த கன்றுகள் எல்லாம் ஒரே மாதிரி இருப்பதில்லை. ஒன்றின் வேர் கொஞ்சம் மேல்நோக்கி வளரும், இன்னொன்றின் வேர் ஆழத்தில் போய் மூச்சுமுட்டிச் சாகும். பிழைத்ததுதான் விதை போட்டது. இப்படித் தலைமுறை தலைமுறையாக, லட்சக்கணக்கான வருஷம். நான் சொல்லி முடிப்பதற்குள் ஒரு பையன், "வலைக்கண்ணு மாதிரி, மிஸ். பெரிய கண்ணா இருந்தா பொடிசெல்லாம் தப்பிச்சிடும்" என்றான். சரி, பெரிய மீனை மட்டுமே வருஷக்கணக்கில் பிடித்துக்கொண்டிருந்தால் கடலில் மிஞ்சி முட்டை போடுவது யார் என்று திருப்பிக் கேட்டேன். "பொடிசா இருக்கும்போதே சினை வைக்கிற மீனு!" அப்புறம் நியூஃபவுண்ட்லாந்து காட் மீன் கதையைச் சொன்னேன். 1992-இல் அங்கே கனடா அரசு அந்த மீன்பிடிப்பையே நிறுத்தியது. அதற்கு முந்தைய வருஷங்களிலேயே அந்த மீன்கள் சின்ன வயதிலேயே, சின்ன உடம்போடு முட்டையிடும்படி மாறிக்கொண்டிருந்தன. எந்த மீனும் யோசித்து மாறவில்லை. எது மிஞ்சுகிறது என்பதை வலை முடிவு செய்தது. பாடப்புத்தகத்தில் பரிணாமம் என்று அரைப் பக்கம் எடுத்துக்கொள்கிற விஷயம், அந்தப் பிள்ளைகளுக்கு அஞ்சு நிமிஷத்தில் புரிந்துவிட்டது.

மரத்தின் சொந்தக்காரர்கள் விஷயத்தை அதற்கப்புறம்தான் எடுத்தேன். நாம் படித்தபோது வெண்கண்டலைத் தேக்கு, நொச்சியோடு ஒரே குடும்பத்தில் வைத்திருந்தார்கள், ஞாபகம் இருக்கிறதா? தேக்கும் நொச்சியும் இப்போது துளசி குடும்பத்துக்குப் போய்விட்டன. டி.என்.ஏ. வரிசைகளை ஒப்பிட்டு 2002-இல் வந்த ஆய்வு, வெண்கண்டலைக் கனகாம்பரக் குடும்பத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தது. ஆடாதோடை, நிலவேம்பு, எச்சில் பட்டால் டப்பென்று வெடிக்குமே அந்தப் பட்டாசுக் காய், எல்லாம் அதே குடும்பம். காலடிப்பேட்டை மார்க்கெட்டில் முழம் போட்டு விற்கிற பூவும் சேற்றில் நிற்கிற இந்த மரமும் ஒரே வம்சம் என்றதும் பெண்பிள்ளைகள் கூச்சல் போட்டுவிட்டார்கள். இன்னொரு அலையாத்தியான சுரபுன்னையின் உறவோ ஆமணக்குப் பக்கம். வெண்கண்டலும் சுரபுன்னையும் வெகு தூரத்து வம்சங்கள். தனித்தனியாக உப்புச் சேற்றுக்கு வந்து, தனித்தனி வழியில் பிழைத்திருக்கின்றன. ஒன்றுக்கு நட்டுக்குத்தான மூச்சு வேர், மற்றதற்கு முட்டுக்கொடுக்கிற வேர். உனக்கு இது பழைய செய்தியாக இருக்கலாம். எனக்கு ஒவ்வொரு தடவையும் உடம்பு சிலிர்க்கிறது.

இவ்வளவு நேரம் நல்ல செய்தி. இனிமேல் சொல்லப்போவதுதான் ராத்திரி தூக்கத்தைக் கெடுக்கிறது.

அந்த அட்டைக்காரர் நல்ல மனிதர், அக்கறையோடுதான் வந்திருந்தார். 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் இந்த முகத்துவாரம் முழுக்க எண்ணெய் வந்து படிந்தது உனக்குத் தெரியும். படகு, வலை, வேர் எல்லாம் கறுப்பு. அதைப் பற்றிப் பேச்சு வந்தபோது அவர் பிள்ளைகளுக்கு ஆறுதலாக, "இயற்கை எல்லாவற்றுக்கும் பழகிக்கொள்ளும். இந்த மரங்களும் மாறிக்கொள்ளும்" என்றார். எனக்குப் பகீரென்றது. மரம் தேவைக்கேற்ப வேரை மேலே அனுப்பும் என்று நம்புகிறவர், தேவைக்கேற்ப எண்ணெயையும் தாங்கிக்கொள்ளும் என்று நம்பத்தானே செய்வார்? மூச்சு வேரின் மேலுள்ள துளைகள் அடைபட்டால் அந்த மரம் தவிக்கும், செத்தும் போகலாம். ஏற்கெனவே இருக்கிற வேறுபாட்டிலிருந்துதான் பிழைப்பது பிழைக்கும், அதுவும் தலைமுறைக் கணக்கில். எண்ணெய் ஒரே வெள்ளத்தோடு வந்துவிட்டது. சாம்பலும் கழிவும் வருஷம் முழுக்க வருகின்றன. பிழைக்க ஒன்றுமே மிஞ்சாத இடத்தில் பரிணாமம் நடக்காது, அழிவுதான் நடக்கும்.

பரிணாமத்தைத் தப்பாகச் சொன்னால் பரீட்சையில் ரெண்டு மார்க் போகும், அவ்வளவுதான் என்று நாம் இருந்துவிட முடியாதுடி. இந்த ஊரில் அந்தத் தப்பு, ஆற்றைக் கெடுக்கிறவர்களுக்குச் சாக்காகிவிடுகிறது. 2023-இல் மத்தியப் பாடத்திட்டத்தின் பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்திலிருந்து பரிணாமத்தையே எடுத்துவிட்டார்கள். நம் மாநிலப் புத்தகத்தில் இருப்பதையாவது ஒழுங்காகச் சொல்ல வேண்டாமா?

அட்டைக்காரரிடம் அப்புறம் தனியாகப் பேசினேன். காது கொடுத்துக் கேட்டார், புதிதாக எழுதித் தந்தால் அதையே வைத்துக்கொள்கிறேன் என்றார். நான்கு பக்கம் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். 'மரம் செய்கிறது', 'மரம் அனுப்புகிறது' என்று எங்காவது நுழைந்திருந்தால் சிவப்பு மையில் அடி. எனக்குப் படம் வராது என்பது உனக்குத் தெரியும். கனகாம்பரக் காய் வெடிப்பது ஒன்று, வெண்கண்டல் வேர் குறுக்குவெட்டு ஒன்று, ஆமணக்கும் சுரபுன்னையும் பக்கத்தில் பக்கத்தில் ஒன்று. கறுப்பு மையில், கோடு தடித்ததாகப் போடு. ஜெராக்ஸ் எடுத்தால் மெல்லிய கோடு விழாது. அடுத்த வகுப்புக்கு முன்னால் வந்துசேர வேண்டும், கூரியரிலேயே அனுப்பு.

அன்புடன்,
வசந்தி