உப்புத் தண்ணீரும் கறுப்புக் காரும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டிலேயே காரைப் பளபளப்பாக வைத்துக்கொள்வது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். தினமும் காலையில் காய்ந்த துணியால் துடைக்க வேண்டும், மாதம் ஒரு முறை பாலிஷ் போட வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். இரண்டுமே தவறு. சேலத்தில் இரட்டிப்புத் தவறு.

முப்பது ஆண்டுகளாகச் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுக்கு மெருகு போட்டுப் பிழைத்தவன் நான். மெருகு என்பது மேலே எதையோ பூசுவது என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, இருப்பதைத் தேய்த்துக் கழிப்பதுதான் மெருகு. சக்கரத்தில் பிடிக்கும் ஒவ்வொரு முறையும் கொலுசின் எடை சிறிது குறையும். அதனால்தான் பட்டறைத் தூசியைக்கூடக் கூட்டி அள்ளிப் பத்திரப்படுத்தி உருக்கக் கொடுக்கிறோம். காரில் காம்பவுண்டு என்கிற தேய்ப்புப் பசை வைத்துத் தேய்க்கும்போதும் இதேதான் நடக்கிறது. வண்ணத்துக்கு மேல் கிளியர் கோட் என்று நிறமற்ற ஒரு பூச்சு இருக்கிறது. அதன் தடிமன் சுமார் 40, 50 மைக்ரான்தான். தலைமுடி ஒன்றின் தடிமன்கூடப் பெரும்பாலும் இதைவிட அதிகம். வெயிலிலிருந்து வண்ணத்தைக் காப்பாற்றுவது அந்தப் பூச்சுதான். அதை மாதாமாதம் தேய்த்தால் சில ஆண்டுகளில் என்ன மிஞ்சும்? கொலுசில் கழிந்த வெள்ளி தூசியிலாவது கிடைக்கும். காரில் கழிந்தது துணியோடு போய்விடும்.

மெழுகு வேறு. அது எதையும் தேய்ப்பதில்லை, மேலே ஒரு படலமாக நிற்கிறது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை நிழலில் வைத்துப் பூசினால் நல்லதே. கடையில் இரண்டையும் பாலிஷ் என்றே கேட்கிறோம், இரண்டையும் பாலிஷ் என்றே கொடுக்கிறார்கள். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

இனி துடைக்கும் கதை. என் மகன் ஆசை ஆசையாக ஒரு கறுப்புக் கார் வாங்கினான். அவன் எழுவதற்கு முன்பே எழுந்து, பழைய வேட்டித் துணியால் அதைத் தினமும் துடைத்து வைப்பேன். வேலைக்காக அவன் மாமாங்கம், கருப்பூர் பக்கம் போய் வருகிறவன். அது வெள்ளைக்கல் (மேக்னசைட்) பூமி. மாலையில் வீடு திரும்பும்போது கார் திருநீறு பூசியதுபோல் இருக்கும். நானும் அழுத்தித் துடைப்பேன். நான்கு மாதம் கழித்து ஒரு நாள் காலை வெயில் பானெட்டில் சாய்வாக விழுந்தபோது பார்த்தேன். சிலந்தி வலை கட்டியதுபோல் வட்ட வட்டமாக மெல்லிய கீறல்கள், என் கை சுழன்ற வழியிலேயே. சாலைப் புழுதியில் இருக்கும் மணல் துகள் அந்தப் பூச்சைவிடப் பல மடங்கு கடினமானது. துணிக்கு அடியில் அதை வைத்துத் தேய்த்தால் உப்புத்தாளால் தேய்த்ததற்குச் சமம். எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த பெரியவர், மெருகுத் துணி கை தவறித் தரையில் விழுந்தால் திரும்ப எடுக்க விடமாட்டார். “அது இனிமேல் தரை துடைக்கத்தான்” என்பார். வெள்ளியிடம் காட்டிய அந்தக் கவனத்தை மகனின் காரிடம் நான் காட்டவில்லை. இன்றும் அது எனக்கு வருத்தம்தான்.

அடுத்தது தண்ணீர். நம் ஊர் ஆழ்துளைக் கிணறுகள் பலவற்றில் உப்புத் தண்ணீர்தான். சூடான பானெட்டில் அது தெறித்துக் காய்ந்தால் வெள்ளை வட்டம் விழும். அது கால்சியமும் மக்னீசியமும் விட்டுப்போன தடம். புதிதாக இருக்கும்போதே, வினிகரில் அதே அளவு தண்ணீர் கலந்து துணியில் நனைத்து ஒற்றி, உடனே அலசிவிட்டால் போய்விடும். வாரக்கணக்கில் வெயிலில் விட்டால் பூச்சையே அரித்துவிடும். அதற்காக மேட்டூர் குடிநீரை எடுத்துக் காரில் ஊற்றுவதை நான் ஒப்பமாட்டேன். குடத்தோடு குழாயடியில் காத்திருந்த தெருவில் வளர்ந்தவன் நான்.

மழைத் தண்ணீர் இருக்கிறதே! 2003-இல் அரசு கட்டாயமாக்கியதால் மழைநீர்க் குழாய் பல வீடுகளில் இருக்கிறது. ஆயிரம் சதுர அடி மொட்டை மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் ஏறக்குறைய 900 லிட்டர் விழும். குழாய் வழியில் ஒரு டிரம் வைத்தால் போதும். அந்தத் தண்ணீரில் உப்பு இல்லை, கறையும் விழாது. நான் இப்போது உப்புத் தண்ணீரில் கழுவிவிட்டு, கடைசி அலசலுக்கு மட்டும் ஒரு குடம் மழைத் தண்ணீர் ஊற்றுகிறேன்.

கழுவுவது நிழலில்தான். முதலில் வெறும் தண்ணீர் ஊற்றிப் புழுதியை ஊறவைத்து இறக்க வேண்டும், கை வைக்கக் கூடாது. பிறகு ஒரு வாளியில் கார் ஷாம்பு, இன்னொன்றில் வெறும் தண்ணீர். கூரையில் தொடங்கிக் கீழே வர வேண்டும். ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் துணியை வெறும் தண்ணீரில் அலசிவிட்டே ஷாம்புவில் தோய்க்க வேண்டும். சக்கரங்களுக்குத் தனித் துணி. துணி துவைக்கும் தூள் மெழுகைக் கழற்றிவிடும், அது வேண்டாம். முடிந்ததும் அந்த வெறும் தண்ணீர் வாளியை மெல்லச் சாய்த்துப் பாருங்கள். அடியில் நறநறவென்று மணல் தங்கியிருக்கும். இரண்டாவது வாளி இல்லையென்றால் அவ்வளவும் கார்மேல்தான் திரும்பப் போயிருக்கும்.

அடுக்குமாடிக் குடியிருப்புகளில் விடியற்காலையில் பத்துக் காருக்கு ஒரு வாளி, ஒரு துணி என்று துடைத்துவிட்டுப் போகும் தம்பிகளைத் திட்டுகிறார்கள். தப்பு அவர்களுடையது அல்ல. இரண்டு வாளியும் நாலு நல்ல துணியும் வாங்கிக் கொடுங்கள், கூலியையும் கூட்டிக் கொடுங்கள்.

ஏற்காட்டிலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளும் இறங்கி, அடிவாரத்தில் நிறுத்தியவுடன் சக்கரத்தில் தண்ணீர் பீய்ச்சுகிறவர்களையும் பார்க்கிறேன். பிரேக் தட்டு கொதிக்கும் நேரம் அது. சட்டென்று குளிர்ந்தால் கோணிக்கொள்ளலாம், பிறகு பிரேக் மிதிக்கும்போது அதிரும். அரைமணி நேரம் ஆறவிட்டுக் கழுவுங்கள். மலையில் ஓடையோரம் நிறுத்தி ஷாம்பு போட்டுக் கழுவுகிறவர்களை என்னால் மன்னிக்கவே முடியவில்லை. திருமணிமுத்தாறு பிறப்பதே அந்த மலையில்தான்.

அடுத்த இதழில் அந்தக் கட்டுரைக்கு ஒரு திருத்தம் வெளியிடுங்கள். மெழுகு எது, காம்பவுண்டு எது என்று டப்பாவின் எந்தப் பக்கத்தைப் படித்துத் தெரிந்துகொள்வது என்பதையும் படத்தோடு போட்டால் நல்லது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கொலுசு மெருகுத் தொழிலாளி,
செவ்வாய்ப்பேட்டை, சேலம்.